கியூ.ஆர். அட்டையில் வரும் பணமும் வரிக் கணக்கும்



2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் பெங்களூரில் நடந்ததை நம்மில் பலரும் பத்திரிகையில் படித்திருப்போம். கர்நாடக வணிகவரித் துறை, சிறு கடைகளில் யு.பி.ஐ. மூலம் வசூலான தொகைகளை 2021-22 முதல் 2024-25 வரை ஆண்டுவாரியாகத் திரட்டியது. வரம்பைத் தாண்டியும் ஜி.எஸ்.டி. பதிவு பெறாதவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. டீக்கடை, பேக்கரி, பெட்டிக்கடை, காய்கறிக்கடை என்ற பேதமில்லாமல் போயிற்று. ஹாவேரியில் ஒரு காய்கறி வியாபாரிக்கு நான்கு ஆண்டுகளில் 1 கோடியே 63 லட்சம் வரவு என்று சொல்லி 29 லட்சம் ரூபாய் வரி கேட்டதாகச் செய்தி வந்தது. பல கடைக்காரர்கள் கியூ.ஆர். அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி ஒட்டினார்கள். ஜூலை 25இல் கடையடைப்பு என்றார்கள். 23ஆம் தேதி முதலமைச்சர் சித்தராமையா வணிகர்களை அழைத்துப் பேசினார். வரிவிலக்குள்ள பொருள் விற்பவர்களுக்கு அனுப்பிய நோட்டீஸ் கைவிடப்படும், முறைப்படி பதிவு பெறுகிறவர்களிடம் பழைய பாக்கி கேட்கப்படாது என்று சொன்ன பிறகுதான் பரபரப்பு தணிந்தது.

அது வேறு மாநிலம் என்று இருந்துவிட முடியாது. ஜி.எஸ்.டி. சட்டம் இரண்டு மாநிலத்துக்கும் ஒன்றுதான். மளிகைக்கான வரம்பும் ஒன்றுதான். காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் பக்கமிருந்து சரக்கெடுக்க வருகிற சில்லறைக் கடைக்காரர்கள் நம்மிடம் கேட்பதும் அந்தக் கேள்வியே: "அண்ணே, போனில் வாங்குற பணத்துக்கெல்லாம் வரி போடுவாங்களாமே, அட்டையைக் கழட்டிரலாமா?"

கழற்ற வேண்டாம் என்பது நம் கருத்து. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வரவு, விற்பனை, லாபம்

இம்மூன்றும் வெவ்வேறு தொகை. வங்கியில் விழுகிற பணம் வரவு. அதில் சரக்கு விற்றதற்காக வந்தது மட்டும் விற்பனை, சட்டப் பாஷையில் விற்றுமுதல். விற்பனையில் கொள்முதலும் கடைச் செலவும் போக மிஞ்சுவது லாபம். ஜி.எஸ்.டி.க்குப் பதிவு வேண்டுமா என்பதை விற்றுமுதல் தீர்மானிக்கிறது. வருமான வரி லாபத்தின் மேல் விழுகிறது. வெறும் வரவின் மேல் வரி போடுகிற சட்டம் எதுவும் இல்லை. ஆனால் அதிகாரியின் மேஜைக்கு முதலில் போவது வரவுத் தொகைதான். அது வேறு, விற்பனை வேறு என்று காட்ட வேண்டிய பொறுப்பு நம் தலையில் விழுகிறது. வம்பெல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

1939இல் ராஜாஜி அமைச்சரவை சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியைக் கொண்டு வந்த நாளிலிருந்தே 'விற்றுமுதல் எவ்வளவு' என்ற கேள்வி நம் தொழிலோடு வந்துகொண்டிருக்கிறது. 1959ஆம் ஆண்டுச் சட்டம், 2007 ஜனவரியில் வாட், 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. என்று சட்டத்தின் பெயர் மாறியது. கேள்வி மாறவில்லை. அன்றைக்கு அதிகாரி கடைக்கு வந்து கல்லாவையும் நோட்டையும் பார்த்தார். இன்றைக்கு அவர் வருவதற்கு முன்பே தொகை அவரிடம் இருக்கிறது.

நாற்பது லட்சமா, இருபது லட்சமா?

சரக்கு மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம். 2019 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் இதுதான் வரம்பு. இது எல்லோருக்கும் தெரியும். தெரியாத சில விஷயங்கள் இதற்குள் ஒளிந்திருக்கின்றன. மளிகைக்கடைக்காரர்கள் அகப்பட்டுக்கொள்வது அங்கேதான்.

முதலாவது, வரிவிலக்குள்ள பொருளும் அந்த 40 லட்சத்தில் சேரும். சில்லறையாக அளந்து கொடுக்கும் அரிசி, பருப்பு, உப்பு, புளி, தேங்காய், முட்டை, காய்கறிக்கு வரி கிடையாது. 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம் உண்டு. வரியில்லாத பொருளை மட்டுமே விற்பவர், எத்தனை லட்சத்துக்கு விற்றாலும், பதிவு பெற வேண்டியதில்லை. ஹாவேரிக் காய்கறிக்காரர் விவகாரத்தில் நியாயம் இதுதான். ஆனால் அதே கடையில் ஒரு பெட்டி சோப்பும் நாலு பாக்கெட் பிஸ்கட்டும் வைத்து விற்றால் நிலைமை மாறுகிறது. அப்போது காய்கறி விற்ற பணமும் சோப்பு விற்ற பணமும் ஒன்றாகக் கூட்டித்தான் வரம்பு பார்க்கப்படும். நம் மளிகைக்கடை ஒவ்வொன்றும் இந்த இரண்டாவது வகைதான்.

இரண்டாவது, இந்த 40 லட்ச வரம்பு ஐஸ்கிரீம், பான் மசாலா, புகையிலைப் பொருள் விற்பவர்களுக்குப் பொருந்தாது. அவர்களுக்கு 20 லட்சமே வரம்பு. தயாரிப்பவர்களுக்கு மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2019 மார்ச் 7ஆம் தேதி அறிவிக்கை, இப்பொருள்களை 'விற்பவர்' என்றே சொல்கிறது. கடை வாசலில் ஐஸ்கிரீம் பெட்டி வைத்திருப்பவரும், கல்லாவுக்குப் பக்கத்தில் பீடி, சிகரெட் வைத்திருப்பவரும் இதைக் கவனிக்க வேண்டும். கோடையில் நாலு மாதம் ஐஸ்கிரீம் விற்று எடுக்கிற லாபத்துக்காக வரம்பு பாதியாகக் குறைவதா என்று கணக்குப் பார்க்க வேண்டியது அவரவர் பொறுப்பு.

மூன்றாவது, 40 லட்சம் என்பது சரக்கு மட்டுமே விற்பவருக்கு. போன் ரீசார்ஜ் கமிஷன், பணம் அனுப்பிக் கொடுப்பதற்கான கமிஷன், ஜெராக்ஸ், பக்கத்துக் கடையை வாடகைக்கு விட்ட வகையில் வருவது எல்லாம் சேவை. சேவை ஒன்று சேர்ந்தாலே வரம்பு 20 லட்சத்துக்கு இறங்கிவிடும். வங்கி டெபாசிட் வட்டிக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு உண்டு.

பான் எண் ஒன்றாக இருந்தால் எத்தனை ஊரில் எத்தனை கடை இருந்தாலும் ஒரே விற்றுமுதல். மனைவி பெயரில் இன்னொரு கியூ.ஆர். அட்டை வாங்கிக் கல்லாவில் மாற்றி மாற்றி வைக்கிறவர்களையும் பார்க்கிறோம். கடை ஒருவருடையது, சரக்கு ஒருவருடையது, அட்டை மட்டும் இரண்டு என்றால் அது இரண்டு வியாபாரம் ஆகிவிடாது. விசாரணையில் இது முதல் நாளே தெரிந்துவிடும், அதன்பின் நாம் சொல்கிற உண்மையையும் நம்பமாட்டார்கள்.

வரம்பைத் தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

காம்பவுண்டிங் இப்போதும் லாபமா?

பதிவு என்றாலே பயப்படுகிறார்கள். ஆண்டுக்கு 48 லட்சம் வியாபாரம் நடக்கிற ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். அதில் 30 லட்சம் அளந்து கொடுக்கிற அரிசி, பருப்பு வகை. மீதி 18 லட்சம் எண்ணெய், சர்க்கரை, சோப்பு, பாக்கெட் சாமான். ஒன்றரைக் கோடி வரை விற்பவர்களுக்கு உள்ள இணக்க வரி, அதாவது நாம் காம்பவுண்டிங் என்று சொல்கிற திட்டத்தில், வியாபாரிக்கு வரி 1 சதவீதம். அதுவும் வரியுள்ள விற்பனைக்கு மட்டும். ஆக 18 லட்சத்துக்கு ஆண்டுக்கு 18,000 ரூபாய், மாதம் 1,500. கரண்டு பில்லைவிடக் குறைவாக இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, அடுத்த மாதம் 18ஆம் தேதிக்குள் சி.எம்.பி.-08 போட்டுப் பணம் கட்ட வேண்டும். ஆண்டுக்கு ஒரு நமூனா, ஜி.எஸ்.டி.ஆர்.-4, ஜூன் 30க்குள். வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக ஒரு காசு வாங்கக்கூடாது, கொள்முதலில் கொடுத்த வரியைத் திரும்பக் கேட்க முடியாது, வெளிமாநிலத்துக்கு விற்கக்கூடாது. வெளிமாநிலத்திலிருந்து வாங்கலாம். ஏற்கெனவே பதிவு உள்ளவர் இதற்கு மாற வேண்டுமானால் நிதியாண்டு தொடங்குவதற்கு முன், மார்ச் 31க்குள் தெரிவித்துவிட வேண்டும்.

இதே கடைக்காரர் பதிவு பெறாமலே இருந்து பின்னால் பிடிபட்டால் இந்த 1 சதவீதச் சலுகையைக் கேட்க முடியாது. முழு விகிதத்தில் போடுவார்கள். 5 சதவீதம் என்றே வைத்தாலும் 90,000. அதற்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, மேலே தண்டம். நான்கு ஆண்டுக்குச் சேர்த்துப் போட்டால் கடையின் முதலே போய்விடும். பெங்களூர்க்காரர்கள் அலறியதில் அர்த்தம் உண்டு.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். காம்பவுண்டிங்தான் சின்னக் கடைக்கு எப்போதும் மலிவு என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் முதலியவை 18லிருந்து 5 சதவீதத்துக்கு வந்துவிட்டன. நெய், வெண்ணெய் 12லிருந்து 5க்கு வந்தன. இதனால் கணக்கு மாறிவிட்டது. வரி நீங்கலாக 90 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்கிற 5 சதவீதச் சரக்கைப் பாருங்கள். சாதாரணப் பதிவில் இருப்பவர் 5 ரூபாய் வசூலித்து, கொள்முதலில் கொடுத்த 4 ரூபாய் 50 காசைக் கழித்து, 50 காசு கட்டுகிறார். காம்பவுண்டிங்காரர் அதே சரக்கை அதே 105 ரூபாய்க்கு விற்று, 1 ரூபாய் 5 காசைத் தன் லாபத்திலிருந்து கொடுக்கிறார். 10 சதவீத லாபத்தில் ஓடுகிற மளிகையில் இது இரட்டிப்பு. பில் போடுகிற கம்ப்யூட்டர் இருக்கிற கடை, ஓட்டல்களுக்கும் கேட்டரிங்காரர்களுக்கும் பில்லுடன் கொடுக்கிற கடை, சாதாரணப் பதிவுக்குப் போவதே மேல். கணக்கு எழுத ஆள் இல்லாத தெருக்கடைக்குக் கூடுதலாகக் கொடுக்கிற அந்த 55 காசு நிம்மதிக்கான விலை என்று வைத்துக்கொள்ளலாம். ஆடிட்டர் வைத்திருப்பவர்கள் அவரிடம் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

வருமான வரிப் பக்கம்

இங்கே பயம் அதிகம், விஷயம் குறைவு. 2 கோடிக்கு உட்பட்ட விற்பனை உள்ளவர், பேரேடு முழுவதையும் காட்டாமல், விற்பனையில் ஒரு பங்கை லாபமாக ஒப்புக்கொண்டு வரி கட்டலாம். ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம். வங்கி வழியாக, யு.பி.ஐ. வழியாக வந்ததற்கு 6 சதவீதம். ரொக்க வரவு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகாதவருக்கு உச்சவரம்பு 3 கோடி. 36 லட்சம் விற்கிற கடையில் 24 லட்சம் போனிலும் 12 லட்சம் ரொக்கமாகவும் வந்தால், 1,44,000 ரூபாயும் 96,000 ரூபாயும் சேர்த்து 2,40,000 ரூபாய் லாபம். உண்மையான லாபம் அதற்கு மேல் இருந்தால் உள்ளதைத்தான் காட்ட வேண்டும். 2025-26 நிதியாண்டுக்குப் புதிய முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரியே வராது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் இயற்றிய புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்று வைத்திருக்கிறார்கள். பிரிவு எண்கள் மாறுகின்றனவே தவிர, இந்த 6, 8 சதவீத முறை அதிலும் உண்டு.

அதே 36 லட்சத்தையும் ரொக்கமாக வாங்கினால் 2,88,000 லாபம் என்று ஆகிறது. அட்டையைக் கழற்றியவர் தன் கையால் தன் வருமானத்தைக் கூட்டிக் காட்டுகிறார் என்று அர்த்தம். ஒளித்தும் வைக்க முடியாது. சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 10 லட்சம், நடப்புக் கணக்கில் 50 லட்சம் ரொக்கம் கட்டினால் வங்கியே தெரிவித்துவிடுகிறது. உங்களுக்குச் சரக்குப் போட்ட மொத்த வியாபாரியின் விற்பனைப் புத்தகத்திலும் உங்கள் பெயர் இருக்கிறது. எங்கள் புத்தகத்தைப் பார்க்க வருகிறவர்கள் அதையும் பார்ப்பார்கள்.

வருமானம் குறைவு என்றாலும் விற்பனை 60 லட்சத்துக்கு மேல் போனால் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். 6, 8 சதவீத முறையில் நுழைந்துவிட்டு இடையில் விட்டால் ஐந்து ஆண்டு அதற்குத் திரும்ப முடியாது. மண்டிக் கமிஷன்காரர்களுக்கு அந்த முறை பொருந்தாது.

மகமைக் கணக்கு

கடை வங்கிக்கணக்கில் கடைக்குச் சம்பந்தமில்லாத பணம் விழுவதுதான் நம் பக்கத்தில் பெரிய குழப்பம். மகன் திருப்பூரிலிருந்து அனுப்புகிற பணம் கடை அட்டைக்கே வருகிறது. கைமாற்றுக் கொடுத்தது திரும்பி வருகிறது. சீட்டுப் பணம், பக்கத்துக் கடைக்காரருக்காக வாங்கிக் கொடுத்த பணம், போனில் வாங்கிக்கொண்டு ரொக்கம் கொடுத்தது எல்லாம் அதில்தான். நமக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் ஓர் ஆண்டின் வங்கித் தாளை எடுத்து வந்து காட்டினார். 43 லட்சம் வரவு. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தபோது விற்பனை 31 லட்சம்தான் தேறியது. அதில் ஒரு பெரிய தொகை, அவர் தெருக் கோயில் விழாவுக்கு வசூலித்த காணிக்கை. நல்ல மனிதர் என்று நம்பி விழாக் குழுவினர் அவர் கடை அட்டையைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். பிரித்துக் காட்ட அவருக்கு நினைவு ஒன்றுதான் ஆதாரமாக இருந்தது, எழுத்தில் எதுவும் இல்லை.

செட்டிநாட்டில் இப்படி நடப்பது நமக்கு ஆச்சரியமாக இருக்கிறது. பர்மாவிலும் மலேயாவிலும் கிட்டங்கி வைத்துத் தொழில் செய்தவர்களின் பேரேடுகளில் மகமை என்று தனிப்பற்று உண்டு. சாமி பேரில் வரவு வைத்த பணம் பெட்டியில் ஒன்றாகக் கிடந்தாலும், கணக்கில் ஒரு நாளும் முதலாளி பணத்தோடு கலக்காது. ஐந்தொகை எடுக்கும்போது அது சாமிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியாகவே நிற்கும். இன்றைய சட்டம் கேட்பதும் இதைவிட அதிகமில்லை.

கொப்புடையம்மன் திருவிழாவானாலும், முத்துமாரியம்மன் கோயில் மாசி-பங்குனி விழாவுக்கு மோர்ப்பந்தல் போடுவதானாலும், அன்னதானமானாலும், குழுவின் பெயரில் பான் எண் வாங்கி வங்கியில் தனிக் கணக்குத் திறந்து அதன் அட்டையை வையுங்கள். பதிவு பெற்ற அறக்கட்டளைகளுக்கு ஒரு வார்த்தை. 2021இல் புதுப்பித்த வருமான வரிப் பதிவு பெரும்பாலும் ஐந்து ஆண்டுக்கானது, 2026 மார்ச் 31 வரைக்கானது. சான்றிதழை எடுத்து இன்றே தேதியைப் பாருங்கள். ஆண்டு வருமானம் 5 கோடிக்குட்பட்ட சிறு அறக்கட்டளைகளுக்கு இப்போது புதுப்பிப்பு பத்து ஆண்டுக்குக் கிடைக்கிறது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்குக் கொடுத்தவருக்கு வரிச்சலுகை இல்லை என்பதை ரசீது போடும்போதே சொல்லிவிட வேண்டும்.

கடைக்கு வருவோம். ஒரு நடப்புக் கணக்கு, ஒரு அட்டை, அது கடைக்கு மட்டும். வீட்டுப் பணத்துக்கு வேறு. ஒரு நாற்பது பக்க நோட்டில் இரவு கடை கட்டும்போது மூன்று தொகை எழுதினால் போதும்: இன்று போனில் வந்தது, இன்று ரொக்கம், இதில் விற்பனை அல்லாதது யாரிடமிருந்து எதற்கு. ஐந்து நிமிட வேலை. கைமாற்று 20,000 ரூபாயை எட்டினால் ரொக்கமாக வாங்கக்கூடாது, கொடுத்ததை ரொக்கமாகத் திரும்பப் பெறவும் கூடாது. ஒரே ஆளிடம் ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் வாங்கினால் வாங்கிய தொகையே அபராதம்.

கொள்முதல் பில்களை இரண்டு கோப்பாகப் போட்டு வையுங்கள். வரியில்லாத அரிசி, பருப்பு பில் ஒன்றில், வரியுள்ள சரக்கு பில் மற்றதில். கம்ப்யூட்டர் பில் இல்லாத கடையில், விற்பனையில் எவ்வளவு வரிவிலக்குச் சரக்கு என்று நிரூபிக்க இதைவிட நல்ல சாட்சி இல்லை. துண்டுச் சீட்டில் சரக்குக் கொடுக்கிற மொத்த வியாபாரிகள் சிலர் உண்டு. இரண்டு ரூபாய் குறைகிறதே என்று அந்தச் சீட்டை வாங்கினால் நாளைக்கு அது எந்த மேஜையிலும் செல்லாது.

இவ்வளவுக்கும் பிறகு நோட்டீஸ் வந்தால், முதலில் அது உண்மையானதுதானா என்று வணிகவரி அலுவலகத்தில் நேரில் விசாரித்துக்கொள்ளுங்கள். போனில் அழைத்துப் பணம் கட்டச் சொல்கிறவர்களிடம் ஒரு பைசா கட்ட வேண்டாம். நோட்டீஸ் என்பது விளக்கம் கேட்பது, வரி போட்டாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அதில் குறித்த தேதிக்குள் எழுத்தில் பதில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். வங்கித் தாள், நோட்டின் நகல், இரண்டு கோப்புப் பில்களின் மொத்தம் இவற்றை இணைத்தால் பெரும்பாலான விவகாரம் அங்கேயே முடியும். பதில் போடாமல் விட்டால் அதிகாரி தமக்குத் தோன்றிய தொகையைத் தீர்மானித்து உத்தரவு போடுவதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. உத்தரவு வந்துவிட்டால் மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம் அவகாசம். அதற்கு, நாம் மறுக்கிற வரியில் பத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே கட்ட வேண்டும்.